இரண்டாவது பீரியடிலேயே மணம் பறந்துவிடுகிறதா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 27. காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்கு ஆசிரியையாகத் தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். ஷார்ஜாவில் வேலை செய்யும் அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் சென்ட் பாட்டில்கள் கொண்டு வருவார். காலையில் கழுத்தின் இரு பக்கமும், மணிக்கட்டிலும், உடையிலுமாக ஆறேழு முறை அடித்துக்கொள்கிறேன். காதுக்குக் கீழே அத்தரும் தடவுவேன். அப்படியும் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் மணமே தெரிவதில்லை. அதனால் ஒரு பாட்டிலை வண்டி டிக்கியில் வைத்திருந்து, இடைவேளையில் ஆசிரியர் அறையில் மறுபடியும் அடித்துக்கொள்கிறேன். போன வாரம் தலைமையாசிரியை அழைத்து, "வராந்தாவிலேயே உங்கள் வாசனை தூக்குகிறது. உங்கள் வகுப்பில் இளைப்பு உள்ள பையன் இருக்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மிகவும் சங்கடமாகிவிட்டது. இதற்கிடையில் கழுத்தில் காதுக்குக் கீழிருந்து கறுப்பாகக் கோடு இறங்கியிருக்கிறது. இரு பக்கமும் உண்டு, வலது பக்கம் அதிகம். அரிப்பு இல்லை. பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சைச் சாறு தடவச் சொன்னார். ஒரு மாதமாகத் தடவுகிறேன், இன்னும் கறுத்ததுபோல்தான் இருக்கிறது. அம்மா சென்ட்டே வேண்டாம் என்கிறார். மூன்று மாதத்தில் எனக்குத் திருமணம். நீடித்து மணக்கும் நல்ல சென்ட் எது? அத்தர் இயற்கையானதுதானே, அதை மட்டும் பயன்படுத்தலாமா? எங்கே, எப்படிப் போட வேண்டும்?

– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள். இன்று மாலையே. மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

நம் ஊர் எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் ஃபுரோகூமரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. நிழலில் இவை சும்மா கிடக்கும். இவை படிந்த தோலில் வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால் தோல் அணுக்களைச் சுட்டுவிடும். சிலருக்குச் சிவந்து எரிந்து கொப்புளமே வரும். சிலருக்குச் சிவப்பு கண்ணில் படும் அளவுக்கு இருக்காது. நேராகக் கறுப்பில் வந்து நிற்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்தக் கறுப்பு அழுத்தமாகப் படியும், மெதுவாகத்தான் விலகும். பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் எலுமிச்சை தடவிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் காலை வெயிலில் வண்டி ஓட்டுவது, கறுப்பை நீக்க நினைத்துக் கறுப்பை வளர்க்கும் வேலை.

வலது பக்கம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு மிகவும் உதவியது. காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி நேர் வடக்கே இருக்கிறது. காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கு உங்கள் வலது கைப்பக்கம். மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு உங்கள் வலது கைப்பக்கம். போகும்போதும் வரும்போதும் வெயில் வாங்குவது அதே கழுத்துதான். ஹெல்மெட் காதோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே நீங்கள் சென்ட் அடித்து, அத்தர் தடவி, எலுமிச்சையும் பூசிய இடம் திறந்து கிடக்கிறது.

கோடாக இறங்கிய கறுப்பு, திரவம் வழிந்த தடத்தில் தோல் கறுத்ததைக் காட்டுவது. மருத்துவத்துக்கு இது புதிதல்ல. 1916-ஆம் ஆண்டிலேயே ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர், கொலோன் என்ற மெல்லிய வகைச் சென்ட்டைத் தடவிக்கொண்டு வெயிலில் இருந்தவர்களின் தோலில் இப்படிப்பட்ட கறுப்பு வருவதைப் பதிவு செய்திருக்கிறார். கொலோனில் நிறையச் சேர்ந்த பெர்கமாட் எண்ணெய்தான் காரணம். பெர்கமாட் என்பது பெரும்பாலும் தெற்கு இத்தாலியில் விளையும் ஒரு நாரத்தை வகைப் பழம். அதன் தோலில் உள்ள பெர்காப்டன் என்பதும், நம் எலுமிச்சையில் உள்ளதும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். இது தெரிந்த பிறகு பொறுப்பான நிறுவனங்கள் பெர்காப்டனை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கின. எவ்வளவு இருக்கலாம் என்று தொழில்துறை அளவிலும் வரம்பு இருக்கிறது. ஆகவே பெயருள்ள நிறுவனத்தின் ஸ்ப்ரே மட்டும் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. என் சந்தேகம் எலுமிச்சை மீதும், உட்பொருள் விவரம் இல்லாத உங்கள் அத்தர் மீதும் சாய்கிறது.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நறுமணப் பொருள் ஒவ்வாமையும் நம் தோலில் சில சமயம் அரிப்பே இல்லாமல் கறுப்பாக மட்டும் வெளிப்படும். தலைச்சாயம் வழிந்த இடம் கறுக்கும். கவரிங் சங்கிலியில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் அந்த வட்டத்தில் கறுக்கும். கோடாக இல்லாமல் கழுத்து முழுவதும், குறிப்பாகப் பின்கழுத்தும் அக்குளும் தடித்து வெல்வெட் துணி போலக் கறுத்திருந்தால் கதையே வேறு. அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் அடையாளம்; சென்ட்டை விட்டுவிட்டு இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் பின்கழுத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி: ஏன் மணம் நிற்பதில்லை?

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. உங்களுக்கு மணமே இல்லை; தலைமையாசிரியைக்கு வராந்தாவிலேயே வருகிறது. இரண்டும் ஒரே உடம்பிலிருந்து, ஒரே நேரத்தில். மணம் எங்கும் போகவில்லை. உங்கள் மூக்குதான் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிட்டது.

ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூக்கின் நரம்பணுக்களும் மூளையும் சில நிமிடங்களில் அதைப் புறக்கணிக்கத் தொடங்கும். புதிதாக வரும் புகை, கெட்டுப்போன உணவு இவற்றைக் கண்டுபிடிக்க மூக்கு தயாராக இருக்க வேண்டும் அல்லவா? தெரிந்த வாசனைக்கு அது எப்போதும் காவல் நிற்காது. இராயக்கோட்டையில் பூ வியாபாரம் செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள், காலை ஏழு மணிக்கு மேல் தன் கடைப் பூ தனக்கு மணப்பதில்லை என்பார். மாம்பழக் காலத்தில் மாங்கூழ் ஆலைகளைக் கடந்து பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வாசனை தூக்கும். ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இன்றைய சென்ட்களில் அடியில் நிற்கும் மணம் பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரி வகைகள். அவற்றின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றுள் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது, மற்ற மணங்கள் எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும்கூட. அப்படிப்பட்ட ஒருவர் தன் சென்ட் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது என்று சத்தியம் செய்வார். பக்கத்தில் இருப்பவர் மாலை வரை முகர்ந்துகொண்டிருப்பார்.

ஆக, உங்கள் சென்ட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கு நீங்கள் நம்பக்கூடாத ஒரே சாட்சி உங்கள் மூக்கு. அந்தச் சாட்சியை நம்பித்தான் ஆறு முறை ஏழு முறை ஆகியிருக்கிறது, அத்தர் சேர்ந்திருக்கிறது, இடைவேளைச் சுற்று வந்திருக்கிறது. கழுத்தில் கறுப்பு, தலைமையாசிரியையின் அதிருப்தி, அந்தப் பையனின் இளைப்பு பற்றிய பயம் எல்லாம் அந்த ஒரு வழியாகவே வந்தவை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். விடுமுறை நாளில், கழுத்தில் எதுவும் போடாமல், உடையில் மட்டும் இரண்டு முறை அடித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து மணி நேரம் கழித்து அந்த உடையை மாற்றி அறையில் வைத்துவிட்டுத் தெருவில் கொஞ்ச நேரம் நடந்து வாருங்கள். திரும்பி வந்து அதை முகருங்கள். அல்லது வெளியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழையும் ஒருவரைக் கேளுங்கள். அம்மாவைக் கேட்காதீர்கள், அவர் ஏற்கெனவே கட்சி எடுத்துவிட்டார். கடைகளில் சென்ட் வாங்கும்போது நடுவில் காபிக் கொட்டையை முகரச் சொல்வார்களே, அதனால் தனிப் பயன் எதுவும் இல்லை. வெளிக்காற்றை இரண்டு நிமிடம் சுவாசித்தாலே போதும்.

உண்மையிலேயே மணம் சீக்கிரம் கரைவதும் உண்டு, அதையும் மறுக்கவில்லை. சென்ட் பாட்டிலில் பெரும்பகுதி எத்தில் ஆல்கஹால். மீதியில்தான் மணப் பொருள்களும் கொஞ்சம் தண்ணீரும். மணப் பொருள் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பாட்டிலின் மேல் பெயர் மாறும். ஓ டி கொலோன் என்றால் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம், ஓ டி டாய்லெட் என்றால் 5 முதல் 15, ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20, வெறும் பர்ஃபம் என்றோ எக்ஸ்ட்ரே என்றோ போட்டிருந்தால் அதற்கும் மேல். இவை சட்டம் வகுத்த எல்லைகள் அல்ல, வழக்கத்தில் உள்ளவை. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் முன்பின் இருக்கும். பாடி ஸ்ப்ரேயில் மணப் பொருள் மிகக் குறைவு. அதை வெளியே தள்ளும் வாயுதான் அதிகம்.

எல்லா மணமும் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா முதல் கால் மணி, அரை மணிக்குள் போய்விடும். பூ மணங்கள் சில மணி நேரம் நிற்கும். சந்தனம், வனில்லா, கஸ்தூரி வகைகள் அடுத்த நாளும் துணியில் இருக்கும். கடையில் அடித்தவுடன் மூக்கில் ஏறும் வாசனையை வைத்துப் பாட்டில் வாங்குபவர்கள் அரை மணி நேரத்தில் காணாமல் போகப் போகும் பகுதிக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். உங்களுக்கு நீடித்து நிற்பது வேண்டும் என்றால், கையில் அடித்துக்கொண்டு கடைத்தெருவில் மற்ற வேலையைப் பாருங்கள். அரை மணி கழித்து மிச்சம் இருக்கும் மணம் பிடித்தால் வாங்குங்கள். எந்த நிறுவனம் என்பதை நான் சொல்லப் போவதில்லை. அது மூக்குக்கு மூக்கு மாறும், என் வேலையும் அல்ல.

ஊரும் காலமும்கூடக் கணக்கில் சேரும். மாசி கடந்து வைகாசி வரை நம் பக்கம் காற்று வறண்டு கொதிக்கிறது. சூடான தோலிலிருந்து மணம் வேகமாக எழும், வேகமாகத் தீரும். முதல் அரை மணியில் பக்கத்தில் இருப்பவரைத் திணறடிக்கவும் செய்யும். அதே இரண்டு ஸ்ப்ரே ஓசூரில் மார்கழிக் காலையில் அடங்கி, நீண்டு வரும். வறண்ட தோல் மணத்தைப் பிடித்துவைக்காது. குளித்துத் துடைத்தவுடன் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் பூசி, அது ஊறிய பிறகு சென்ட் போட்டால் நன்றாக நிற்கும். மணிக்கட்டில் அடித்து இரண்டு கையையும் தேய்ப்பது பலருக்குப் பழக்கம். தேய்த்தால் மணம் கெட்டுவிடும் என்பது கட்டுக்கதை. தோல் கொஞ்சம் சூடாகி மேல் மணம் சற்று வேகமாகப் போகும், அவ்வளவுதான். தேய்க்கத் தேவையும் இல்லை.

எங்கே போடுவது என்றால், உங்களுக்கு என் பதில்: வெயில் படும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கழுத்தும் காதோரமும் இனி கிடையாது. உடைக்குள் மறையும் மார்பு, இடுப்புப் பகுதியில் ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரு முறை, பருத்தி உடையின் உட்பக்கம் ஒரு முறை. போதும். உடம்புச் சூட்டில் அது மெதுவாக மேலே வரும். கறுப்பு விலகும் வரை தோலையே விட்டுவிட்டுத் துணியில் மட்டும் போட்டால் எனக்கு இன்னும் திருப்தி. பட்டிலும் வெளிர்நிறத் துணியிலும் கறை பிடிக்கும் என்பதால் உள்பாவாடை, துப்பட்டாவின் உள்மடிப்பு போன்ற இடங்கள் நல்லது. அக்குளில் அடிக்காதீர்கள், சவரம் செய்த அன்று நிச்சயமாகக் கூடாது.

வியர்வை நாற்றத்தை மறைக்கத்தான் இவ்வளவு அடிக்கிறீர்களோ என்ற எண்ணமும் எனக்கு வந்தது. கடிதத்தில் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வியர்வை வெளியே வரும்போது அதற்கு வாடை கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அதன் மேல் சென்ட் அடித்தால் நாற்றமும் மணமும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும். அதற்கு வழி குளியலும், துவைத்த பருத்தி உடையும், தேவைப்பட்டால் அலுமினிய உப்பு கலந்த வியர்வைத் தடுப்பானும். பின்னதை இரவில், உலர்ந்த அக்குளில் போட வேண்டும். வியர்த்துக் கொட்டும் காலையில் போட்டால் வழிந்து போய்விடும்.

அத்தர் இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் நிறைய. என் மேசைக்கு வரும் வாதங்களில் எனக்குப் பொறுமை குறைவது இதற்குத்தான். நறுமண ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க உலகெங்கும் பயன்படுத்தும் பரிசோதனைக் கலவையில் உள்ள பொருள்கள் எட்டு. கிராம்பின் யூஜெனால், லவங்கப்பட்டையின் சின்னமால், ரோஜாவிலும் இருக்கும் ஜெரனியால், மரத்தில் படரும் ஒருவகைப் பாசியின் சாறு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. செடியிலிருந்து வந்தது என்பதால் தோல் அதற்குச் சலுகை காட்டாது. பிடிக்காவிட்டால் பிடிக்காததுதான்.

உண்மையான அத்தர் என்பது உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் போன்ற இடங்களில் செப்புப் பானையில் பூவைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்வது. சந்தன எண்ணெயின் விலை இப்போது கிலோவுக்கு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. மரத்தின் உள்வைரத்தில் எண்ணெய் சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். சித்தேரி மலையில் சந்தனம் செழித்திருந்த காலத்தை அரூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மரத்தின் பேரால், கடத்தலைத் தேடுகிறோம் என்று வந்த அதிகாரிகள் வாச்சாத்தி மலைவாழ் மக்களுக்கு 1992-இல் இழைத்த கொடுமையையும் சொல்வார்கள். அப்படிப்பட்ட சரக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குச் சின்னக் குப்பியில் கிடைக்கிறது என்றால், உள்ளே இருப்பது விலை குறைந்த கரைப்பானில் கலந்த செயற்கை மணம். செயற்கை என்பதால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று குப்பியில் எழுதவில்லை என்பதுதான் பிரச்சினை. மேலும் அத்தரில் ஆல்கஹால் இல்லை, செறிவு அதிகம். ஸ்ப்ரேயைப் போல ஆவியாகாமல் எண்ணெயாகவே தோலில் மணிக்கணக்கில் தங்கும். ஒத்துக்கொண்டால் அது வசதி. ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவே வினை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விற்கும் "ஒரிஜினல்" பாட்டில்களுக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் அழகுப் பொருள்களுக்கு 2020-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், உட்பொருள்கள், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இறக்குமதியானால் பதிவு எண் இருக்க வேண்டும். அண்ணன் கையோடு கொண்டு வருவதில் இந்திய எண் இருக்காது. உட்பொருள் பட்டியலாவது இருக்கட்டும். அந்தப் பட்டியலில் லிமோனீன், லினலூல், சிட்ரல், யூஜெனால் போன்ற பெயர்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். அவை ஏறத்தாழ எல்லாச் சென்ட்டிலும் இருக்கும். பின்னாளில் ஒவ்வாமை உறுதியானால் எதைத் தவிர்க்க வேண்டும் என்று பார்ப்பதற்கு அந்தப் பட்டியல் வேண்டும்.

லிமோனீன், லினலூல் இரண்டும் காற்றோடு சேர்ந்து பழசாகும்போது ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுகின்றன. வெப்பமும் வெளிச்சமும் பாட்டிலின் ஆயுளைக் குறைத்துவிடும். இதனால்தான் உங்கள் வண்டி டிக்கி எனக்குக் கவலை தருகிறது. பள்ளி வளாகத்தில் சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் டிக்கியைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். பாட்டில் படும் பாடு தெரியும். அது பாடி ஸ்ப்ரே டப்பாவாக இருந்தால் ஆபத்து இன்னும் நேரடியானது. உள்ளே அழுத்தத்தில் அடைத்திருப்பது பெரும்பாலும் சமையல் எரிவாயுவின் குடும்பம். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். கீழே பெட்ரோல் டேங்க் வேறு. இன்றே எடுத்து வீட்டு அலமாரிக்குள் வையுங்கள். நிறம் மாறியிருந்தாலோ, பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ அந்தப் பாட்டிலைத் தோலில் போட வேண்டாம்.

தீ பற்றியும் ஒரு வார்த்தை. தூய எத்தில் ஆல்கஹாலின் ஆவி ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடியது. நம் ஊரில் அதைவிடக் குளிரான அறை ஏது? சென்ட் அடித்த ஈரத்தோடு சாமி விளக்கேற்றவோ, கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவோ போகாதீர்கள். காய இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். திருமண நாளில் ஹோமத்தின் முன் உட்காரப் போகிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அன்று போட்டே ஆக வேண்டும் என்றால் பட்டுப்புடவை கட்டுவதற்கு நெடுநேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். என் சொந்த ரசனையைக் கேட்டால், தலை நிறையக் குண்டுமல்லி வைத்த மணப்பெண்ணுக்குச் சென்ட் எதற்கு என்பேன். மல்லிகையின் சாறுக்காக வெளிநாட்டுச் சென்ட் நிறுவனங்கள் தமிழ்நாட்டிலிருந்து வாங்கிப் போகின்றன. நீங்கள் அதைச் சரமாகவே சூடிக்கொள்ளலாம்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குக் கடும் வாசனை மூச்சுக்குழாயைச் சுருங்கவைக்கும் தூண்டுதலாக அமையலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆகும் குழந்தைக்கு அது அவசரச் சிகிச்சை வரை போகலாம். பெரியவர் என்றால் எழுந்து வெளியே போவார். பத்து வயதுப் பையன் ஆசிரியையிடம் "உங்கள் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மிஸ்" என்று சொல்வானா? பள்ளி நாள்களில் பள்ளிக்குள் சென்ட் அடிப்பதை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஆசிரியர் அறை வாசனை அடுத்த பீரியடில் உங்களோடு வகுப்புக்குள் வரும். வீட்டிலும் பள்ளி நாளில் ஒரே ஒரு முறை, துணியில். அதிலும் அவனுக்கு இருமலோ இளைப்போ தெரிந்தால் அதுவும் வேண்டாம். தலைமையாசிரியையிடம் போய், இடைவேளையில் அடிப்பதை நிறுத்திவிட்டதாக ஒரு வரி சொல்லிவிடுங்கள். சங்கடம் அத்தோடு தீரும்.

கழுத்துக்கு என்ன செய்வது? என் சந்தேகம் சரி என்றால், கழுத்தில் சென்ட், அத்தர், எலுமிச்சை மூன்றும் நின்ற பிறகு கறுப்பு மேலும் ஏறுவது நிற்க வேண்டும். விலகுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். திருமணத்துக்குள் முழுவதும் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், மங்கியிருக்கும். புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, வாசனை சேர்க்காததாகப் பார்த்து, கிளம்புவதற்குக் கால் மணி முன்பு காது முதல் தோள் வரை தாராளமாகப் பூசுங்கள். மாலை திரும்பும் முன்பும் ஒருமுறை. அதோடு பருத்தித் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. முனையை உள்ளே செருகுங்கள், சக்கரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தேய்த்துக் குளிக்கிறேன் பேர்வழி என்று நாரும் ஸ்கிரப்பும் போடாதீர்கள், உரசினால் கறுப்பு கூடும்.

மருந்துக் கடையில் கேட்டால் ஒரு டியூபை எடுத்து நீட்டுவார்கள். மூன்று மருந்து கலந்த அந்த வகை கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு வாரம் பளிச்சென்று வெளுக்கும், தோழிகள் என்ன பூசினாய் என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பி, விட்டால் எரியும் நிலைக்கு வந்துவிடும். திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கும் பெண்கள் இந்த டியூபோடு தொடங்கித் திருமணத்துக்குப் பிறகு என்னிடம் வருவது புதிதல்ல. மருத்துவர் சீட்டில் எழுதி, எத்தனை நாள் என்றும் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கறுப்பு விலகிய பிறகு புதிய பாட்டில் எதையும் நேராக உடம்பில் அடிக்காதீர்கள். முழங்கையின் உள்மடிப்பில் காசளவு இடத்தில் காலையும் இரவும், ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். பகலில் அந்த இடத்தை உடையின் கைப்பகுதி மூடியிருக்க வேண்டும். ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்தே காட்டும் என்பதால் ஒரே நாள் சோதனைக்குப் பொருள் இல்லை. அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளம் எது வந்தாலும் அந்தப் பாட்டிலை நிறுத்திவிடுங்கள். அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சென்ட்டுக்கு வந்தால் முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை தேவைப்படும். வந்தது நறுமண ஒவ்வாமை என்று உறுதியானால் சோப்பு, ஷாம்பு, முகக் கிரீம் எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். சாம்பிராணிப் பிசின் கலந்த பூச்சுகளையும்.

இரண்டு மூன்று வாரங்களில் கறுப்பு கூடினாலோ, அரிப்பு தொடங்கினாலோ காத்திருக்க வேண்டாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, தருமபுரிக்கோ, அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ போங்கள். போகும் அன்று கழுத்தில் எதையும் பூச வேண்டாம், சன்ஸ்கிரீன்கூட வேண்டாம். துணி கட்டிக்கொண்டு போங்கள். ஸ்ப்ரே பாட்டில்கள், அத்தர் குப்பி, அட்டைப்பெட்டி இருந்தால் அதுவும், தலைக்குப் போடும் சாயம் ஏதாவது இருந்தால் அதுவும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.